எதிர்த்திசையில் ஒரு வாத்து

பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, காலை எட்டே முக்காலுக்குக் கால்பந்து மைதானத்தின் பின்னால் யூகலிப்டஸ் மரத்தடியில் பஸ்ஸை நிறுத்தினாள் கோரலி. ஆரஞ்சுத் தோலும் ஈரக் காலுறையும் கலந்த வாசம் போவதற்காக ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மறுபடி வண்டியை எடுக்க மதியம் மூன்று மணி ஆகும். மற்ற ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கோரலிக்கு இந்த நாற்பத்திரண்டு இருக்கைகளைவிட நல்ல தையல் அறை கிடையாது. முதல் இருக்கையில் அக்கா மகன் கல்யாணத்துக்கான ஒட்டுப்போர்வை இருந்தது. அதற்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. இரண்டாவது இருக்கையில் சங்கத்தின் குலுக்கல் பரிசுப் போர்வை. அதற்கு ஓரம் கட்டித் தருவதாக அவளே கையைத் தூக்கிச் சொல்லியிருந்தாள். மூன்றாவதில் ஒன்பது வருடமாகக் கையால் தைத்துக்கொண்டிருக்கும் அறுகோணங்கள் கிடந்தன. அவை எப்போது முடியும் என்று கேட்பதை அவள் கணவன் மரேகூட நிறுத்திவிட்டிருந்தான். நான்காவதில் ஐந்து வாரமும் மூன்று நாளுமாகத் திறக்கப்படாமல் கிளெனிஸின் பெட்டி.

பெட்டி மூடியில் கிளெனிஸின் நேரான கையெழுத்தில் 'திறப்பவர் கையைக் கழுவவும்' என்று எழுதியிருந்தது. கர்லூ ஃப்ளாட் ஒட்டுப்போர்வைச் சங்கத்தில் வருடா வருடம் மார்ச் மாதம் ஐந்து பேர், ஆளுக்கொன்றாக முன்பே தைத்த நடுத்துண்டைப் பெட்டியில் வைத்துச் சுற்றுக்கு விடுவார்கள். ஒவ்வொரு கையிலும் ஆறு வாரம். வாங்கியவள் நான்கு பக்கமும் ஒரு கரை தைத்து அடுத்தவளிடம் தருவாள். செப்டம்பர் கூட்டத்தில் நான்கு கரைகளோடு அது சொந்தக்காரியின் கண் முன்னால் விரிக்கப்படும். அதுவரை அவள் அதைப் பார்க்கக் கூடாது, தைத்தவர்கள் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. யார் வீட்டுப் பசு எப்போது கன்று போட்டது என்பது வரை எல்லோருக்கும் தெரிந்த அந்த ஊரில், ரகசியம் என்று ஏதாவது இருந்தால் அது இந்தப் பெட்டிகளில்தான் இருந்தது. வருகிற சனிக்கிழமை கூட்டம். இன்று செவ்வாய். கிளெனிஸ் பெட்டியின் கடைசிக் கை கோரலியுடையது.

கையைத் துடைத்துக்கொண்டு துணியை மடியில் விரித்தாள். நடுவில் ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றிப் பறக்கும் வாத்துகள். வாத்து என்றால் ஒரு முக்கோணம், அவ்வளவுதான்; அதன் கூர்முனைதான் அலகு. பக்கத்துக்குப் பன்னிரண்டாக நாற்பத்தெட்டு வாத்துகள், ஒன்றன்பின் ஒன்றாகக் கடிகார முள் போகும் திசையில் நட்சத்திரத்தைச் சுற்றி வந்தன. முனை ஒவ்வொன்றும் குத்திவிடும் போல அத்தனை கூர்மை. பதினோரு வருடமாகச் சங்கத்தின் தலைவி, மூன்று மாவட்டக் கண்காட்சிகளின் நடுவர், கிளெனிஸ் தைத்தால் வேறு எப்படி இருக்கும்? கோரலியின் விரல் மேல்வரிசையில் ஊர்ந்துபோய் ஏழாவது வாத்தில் நின்றது. அது வந்த வழியே திரும்பிப் பறந்துகொண்டிருந்தது.

காலி பஸ்ஸுக்குள் கோரலி சத்தம் போட்டுச் சிரித்தாள்.

போன வருடம் இதே செப்டம்பரில் கோரலி தன் பச்சைப் போர்வையை எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்டியபோது, கிளெனிஸ் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "ரெண்டாவது வரிசை, நாலாவது கட்டம். தலைகீழா நிக்குது, பாத்தியா?" என்றாள். அதில் வன்மம் எதுவும் இல்லை. மணி என்னவென்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். கோரலி வீட்டுக்கு வந்து அந்தக் கட்டத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒன்றைப் பிரித்ததும் பக்கத்துக் கட்டம் இழுத்தது, அதைப் பிரித்ததும் அடுத்தது. பதினோரு நாளில் போர்வை முழுவதும் துண்டுகளாகிவிட்டது. இன்றுவரை அது பீரோவின் அடித்தட்டில் ஒரு பையில் இருக்கிறது. இப்போது ஏழாவது வாத்தைத் தடவிப் பார்க்கும்போது உள்ளே இனித்தது. எதுவும் செய்ய வேண்டாம். ஒரு கரையைத் தைத்து சனிக்கிழமை தூக்கிப் பிடித்தால் போதும். நாற்பது பேர் பார்ப்பார்கள்.

அந்த இனிப்பு ஃப்ளாஸ்க்கில் இருந்த ஒரு குவளைத் தேநீர் தீரும்வரைதான் இருந்தது. கிளெனிஸுக்கு மே மாதம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். "புதுக் கண்ண வெச்சுக்கிட்டு ஊர்ல இருக்கிற தூசியெல்லாம் எண்ணிட்டு வர்றா" என்று சங்கத்து ஜோய்லீன் அப்போது கேலி செய்தாள். ஆனால் இந்த வாத்துகளைத் தைத்தது பிப்ரவரியில். கண்ணில் புரையின் பனிமூட்டத்தோடு உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாமல், விரலாலேயே முனைகளைத் தொட்டுத் தொட்டுத் தைத்திருக்கிறாள். நாற்பத்தேழு சரியாக வந்திருக்கிறது. பழைய கண் செய்ததைச் சனிக்கிழமை புதுக் கண் பார்க்கும், அதுவும் சபை நடுவில். கிளெனிஸ் அழமாட்டாள். நன்றி சொல்லிவிட்டு, மடித்து எடுத்துக்கொண்டு போய், அடுத்த மாதம் முதல் வராமல் இருந்துவிடுவாள். அப்படிப்பட்டவள்தான்.

யாருக்கும் தெரியாமல் திருத்திவிட வேண்டியதுதான் என்று கோரலி தையல் பிரிக்கும் குட்டிக் கத்தியை எடுத்தாள். ஒரு வாத்தைச் சுற்றி நான்கு தையல், ஒரு மணி நேர வேலை. வெளிச்சத்துக்காகத் துணியை இரண்டு இருக்கைகளின் முதுகில் விரித்துப் போட்டாள். அப்போதுதான் கரைகள் கண்ணில் பட்டன.

முதல் கரை ஜோய்லீனுடையது. சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றின் புகைபோக்கியிலிருந்தும் புகை வலப்பக்கம் போயிற்று. ஒரு வீட்டில் மட்டும் இடப்பக்கம். ஜோய்லீன் அவசரக்காரி, அவளுக்கு இது சகஜம் என்று கோரலி நினைத்தாள். இரண்டாவது கரை எட்னாவின் இலைக்கொடி, கையால் தைத்தது. எட்னாவுக்கு எண்பத்து நான்கு வயது, காது கேட்காது, ஆனால் அவள் தையலில் யாரும் இதுவரை தவறு பார்த்ததில்லை. கொடியில் ஒரு இலை தலைகீழாக இருந்தது. மூன்றாவது, ரொட்டிக் கடையில் வேலை செய்யும் மெரின் தைத்த தேநீர்க் கோப்பைகள். எல்லாக் கோப்பைகளின் பிடியும் ஒரு பக்கம், ஒன்றின் பிடி மட்டும் மறுபக்கம். அந்த வீடும் இலையும் கோப்பையும், ஏழாவது வாத்துக்கு நேர் மேலே, நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் இருந்தன.

கோரலி பஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வீடுகளில், மூன்று மேஜைகளில், ஒருத்தியிடம் ஒருத்தி ஒரு வார்த்தை பேசாமல் மூன்று பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தியும் பிரிக்கவில்லை. ஆளுக்கொரு துணையை அதன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் பெட்டியை மூடியிருக்கிறார்கள். அவள் கத்தியை மூடி பைக்குள் போட்டாள். பிறகு ஜோய்லீனைப் போனில் கூப்பிட்டாள்.

"கிளெனிஸ் பெட்டில ஒரு வீடு..."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"புகை..."

"இந்த வருஷம் காத்து ஜாஸ்தி கண்ணு. அது கிடக்கட்டும், குலுக்கல் போர்வைக்கு ஓரம் கட்டிட்டியா?"

"முக்கால்வாசி ஆச்சு."

"அப்போ கால்வாசி" என்று சொல்லி ஜோய்லீன் போனை வைத்துவிட்டாள்.

தான் என்ன தைப்பது என்று மாலை வரை பிடிபடவில்லை. இன்னொரு கோணல் வீடு, இன்னொரு கோணல் இலை என்றால் மற்றவர்களைக் காப்பியடித்ததாகிவிடும். நாலு மணி வாக்கில் பால் பண்ணைகளுக்கு நடுவே பஸ் போய்க்கொண்டிருந்தபோது, அணைக்கட்டின் மேல் அரிவாள் மூக்கன் பறவைகள் கூட்டமாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. நடுவில் இருந்த ஒன்று திடீரென்று மேற்கே திரும்பியது. ஒரு நொடி அது தனியாக இருந்தது. பிறகு பக்கத்தில் இருந்தவை திரும்பின, பிறகு மொத்தக் கூட்டமும் ஒரு துணியை உதறியது போலத் திரும்பி அதன் பின்னால் போயிற்று.

"எங்க ஸ்டாப் போயிடுச்சு!" என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கத்தின.

"தெரியும், தெரியும். இன்னிக்கு வேற வழி" என்று சொல்லிக்கொண்டே கோரலி பஸ்ஸைப் பின்னால் எடுத்தாள்.

நூற்று இருபது வாத்துகள் வேண்டும். அத்தனைக்கும் வானமாகப் போதுமான நீலத்துணி கல்யாணப் போர்வையில் மட்டும்தான் இருந்தது. கோரலி அதை ஒருமுறை பார்த்தாள், கல்யாணப் பெண்ணை நினைத்து மன்னிப்புக் கேட்டாள், அதில் கத்தரியை வைத்தாள். புதனும் வியாழனும் பகலில் பஸ்ஸில் வெட்டி, மாலையில் சமையலறை மேஜையில் மெஷினை ஓட்டினாள். மேஜை போய்விட்டதால் மரே தட்டை மடியில் வைத்துத் தொத்திறைச்சி தின்றான்.

"காலுறைல ரெண்டு குண்டூசி, ரொட்டில ஒரு நூலு. நான் சாப்பிடறேனா, இல்ல என்னையும் சேத்துத் தைக்கப்போறியா?"

"அசையாம இரு, யோசிக்கிறேன்."

"அந்தக் கல்யாணப் போர்வை?"

"தலையணை உறையா மாறிடுச்சு."

சிரித்துச் சிரித்து மரேவுக்குத் தொத்திறைச்சி புரையேறியது. பிறகு எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் தந்தான்.

சனிக்கிழமை மண்டபத்தில் ஸ்கோன் ரொட்டியும் க்ரீமும் வந்து இறங்குவதற்கு முன்பே குலுக்கல் போர்வையின் குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஒரு பக்கம் ஓரம் கட்டியிருந்தது, மூன்று பக்கம் குண்டூசி பளபளத்தது. "முக்கால்வாசியாம்ல" என்று ஜோய்லீன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். திட்டிக்கொண்டே பன்னிரண்டு பேர் அதைச் சுற்றி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தேநீர் இரண்டாவது முறை கொதிப்பதற்குள் ஓரம் முடிந்துவிட்டது.

பிறகு பெட்டிகள். கிளெனிஸுடையது கடைசி. மெரின் ஒரு நாற்காலியிலும் கோரலி ஒரு நாற்காலியிலும் ஏறி நின்று போர்வையின் மேல் முனைகளைப் பிடித்துத் தொங்கவிட்டார்கள். மண்டபம் "ஆ" என்றது. வெளிக்கரையில் கோரலியின் நூற்று இருபது வாத்துகள் நீல வானத்தில் சுற்றிவந்தன, எல்லாம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். கிளெனிஸ் கழுத்தில் எப்போதும் போலச் சிவப்பு நாடாவில் கோத்த பிரிக்கும் கத்தி தொங்கியது. துணியின் விளிம்புக்கு மேலாக எட்டிப் பார்த்த கோரலிக்கு அவள் கண்கள் எங்கே போய் நின்றன என்பது நன்றாகத் தெரிந்தது. கிளெனிஸின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது.

"இன்னுமா பாக்கல அவ?" என்று எட்னா, தான் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, மண்டபமே அதிரும்படி கேட்டாள்.

கிளெனிஸ் முன்னால் வந்தாள். ஏழாவது வாத்தின் மேல் விரலை வைத்தாள். விரல் மேலே ஏறி வீட்டின் புகையைத் தொட்டது. இலையைத் தொட்டது. கோப்பையின் பிடியில் நின்றது. கடைசியாக வெளிக்கரைக்கு வந்து, வாத்துகளோடு பக்கவாட்டில் கொஞ்ச தூரம் போயிற்று, எல்லாம் தன் வாத்து போகும் பக்கமே போகின்றனவா என்று சரிபார்ப்பது போல. ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"பிப்ரவரில எனக்கு எதுர்ல வர்ற ஆளே தெரியல" என்றாள். "யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"என் லெட்டர் பெட்டி மேல காரை ஏத்துனியே, அன்னிக்கே தெரியும்" என்றாள் ஜோய்லீன்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கிளெனிஸின் தோள் குலுங்கியது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை, பிறகுதான் அவளும் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. சிரித்தபடியே கழுத்திலிருந்த கத்தியை எடுத்து மூடியைக் கழற்றினாள். சிரிப்பு அப்படியே அடங்கியது. கத்தி துணிக்கு அருகில் வந்து, வெளிக்கரையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு நூலை நறுக்கியது.

"நூலு தொங்குது கோரலி."

"அவசரம், தலைவியம்மா."

கிளெனிஸ் அறுத்த நூலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அண்ணாந்து, கோரலிக்கு மட்டும் கேட்கும் குரலில், "உன் பச்சைப் போர்வை என்ன ஆச்சு?" என்றாள்.

"பிரிச்சுட்டேன். பையில கிடக்கு."

"அந்தக் கட்டம் இருக்கா? ரெண்டாவது வரிசை, நாலாவது?"

"இருக்கு."

கிளெனிஸ் தலையை ஆட்டிக்கொண்டாள். யாரோ கெட்டிலின் ஆவி போவதற்காகப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார்கள். வசந்தகாலக் காற்று உள்ளே வந்து போர்வையைத் தொட்டதும் அது பாய்மரம் போல வயிறு உப்பியது. முனையை விட்டுவிடாமல் கோரலி இறுக்கிப் பிடித்தாள். குனிந்து பார்த்தால் அவளுக்குத் தெரிந்தது துணியின் பின்பக்கம் மட்டும்தான்: நூல் பிசிறுகள், தையல் மடிப்புகள், ஜன்னல் வெளிச்சம் ஊடுருவியதால் நிழலாகத் தெரிந்த பறவைகள். எது முன்னால் போகிறது, எது திரும்பி வருகிறது என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை. கை கடுத்தது. இறக்கும்படி யாரும் சொல்லவில்லை. காற்று மறுபடி வந்தது, எல்லாம் ஒன்றாக எழும்பின.