படியில் விழுந்த நிழல்

கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால் மட்டும் எப்போதும் நாலு பேர் நின்றார்கள்.

ஒரு படிக்கட்டு. மாலை வெயில். இடுப்பில் துணிக்கூடையோடு ஒரு பெண் இறங்குகிறாள். அவளுடைய வலது கால் அந்தரத்தில் இருக்கிறது. கால் படப்போகும் படியில் ஒரு நிழலின் தலை. நிழலுக்குரியவர் சட்டகத்துக்கு வெளியே. நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கழுத்திலிருந்து நாடா போல ஏதோ தொங்குகிறது.

"டாக்டர்தானே?" என்றார் ஒருவர். "கழுத்துல ஸ்டெதாஸ்கோப் தெரியுதே."

"இருக்கலாம். யாரோ வழியில போனவர்."

அந்தப் படத்தை எடுத்தவன் வருடக்கணக்காகச் சொல்லிவரும் பதில் அது. அவன் யாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்ததில்லை. தெரு தருவதை எடுப்பான். வாசலில் மாட்டியிருந்த பலகையிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

மத்தியானம் அண்ணி வந்தாள். அண்ணன் இறந்த அன்று பார்த்தது. அன்றைக்கு அவன் கடைசி வரிசையில் நின்றுவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டான்.

"வாங்க அண்ணி."

"பேப்பர்ல படம் போட்டிருந்தாங்க தம்பி. அதான் வந்தேன்."

மற்ற படங்களை அவள் பார்க்கவில்லை. நேராக அந்தப் படத்திடம் போனாள். கண்ணாடியில் மூச்சு படும் தூரத்தில் நின்றாள்.

"கழுத்துல கிடந்த டேப்பைக்கூட எடுக்காம கிளம்பிட்டாரு."

"யாரு?"

"உங்க அண்ணன். வேற யாரு?"

அண்ணன் தையற்காரர். ஒருநாள் கடையில், வாடிக்கையாளர்கள் முன்னால், "இவன் தெரு பொறுக்கப் போறான். கேட்டா கலைம்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் கடைப் பக்கம் போகவில்லை. தப்பு செய்தவர்தான் வரவேண்டும் என்று இருந்தான். அவர் வரவே இல்லை என்றுதான் இதுநாள் வரை நினைத்திருந்தான்.

"அவருக்கு வாய்தான் நீளம். அன்னைக்கு ஒருத்தன் சட்டையை அரைகுறையா வெச்சுட்டு, 'இன்னைக்கு அவன்கிட்ட பேசிடறேன்'னு கிளம்பினாரு. அந்த ஆளு ஒத்தைக் கை சட்டையோட என்கிட்ட கத்தறான்." அவள் லேசாகச் சிரித்தாள். "நீ அந்தப் படிக்கட்டுப் பக்கம் நிப்பேன்னு யாரோ சொல்லியிருக்காங்க. உனக்குப் பின்னாடி வந்து நின்னாராம். நீ திரும்பாமலே கையை விரிச்சு, நில்லுன்னு காட்டினியாமே?"

அவனுக்கு அந்தக் கை நினைவிருந்தது.

படிக்கட்டுக்கு எதிரே ஏதோ ஒரு கடையின் நிழலில் நின்றிருந்தான். படிகளில் வெயில் வெறுமையாக விழுந்திருந்தது. ஏதோ குறைந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு நிழல் வந்து இடது பக்கம் விழுந்தது. சட்டகம் நிறைந்தது. நிழல் நகர்ந்துவிடக் கூடாது. கண்ணை எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டினான். நிழல் நின்றது. இனி மேலிருந்து யாராவது இறங்க வேண்டும். வெகுநேரம் யாரும் இறங்கவில்லை. நிழல் நீண்டுகொண்டே வந்தது. நீளட்டும் என்று அவனும் காத்திருந்தான்.

"தம்பி நிக்கச் சொல்லிட்டான், வேலை முடிஞ்சதும் பேசுவான்னு சந்தோஷமா நின்னாராம். உன் முகம் தெரியுதான்னு சாஞ்சு சாஞ்சு பார்த்தாராம். அப்புறம் நீ கையை உதறி, போன்னுட்டியாம்."

துணிக்கூடையோடு அந்தப் பெண் வந்தாள். எடுத்தான். போதும், போகலாம் என்று கையை ஆட்டினான். அந்த நிழல் யாருடையது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

"நீங்க எனக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லாதேன்னாரு. அவனுக்கே தோணும்போது வரட்டும்னாரு."

அவன் படத்தைப் பார்த்தான். நாடா நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேட்கறேன். கோவிச்சுக்காதே," என்றாள். "அவர்தான்னு தெரிஞ்சிருந்தா, கேமராவை இறக்கியிருப்பியா?"

"இறக்கியிருப்பேன்" என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்தரத்தில் நின்ற கால் கண்ணில் பட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு கல்லூரிப் பெண் அருகில் வந்தாள்.

"சார், இந்த நிழல் யாரோடது? கிளாஸ்ல இதைப் பத்திப் பேசிக்கிட்டே இருப்போம்."

அண்ணி அவனைப் பார்த்தாள்.

"எங்க அண்ணன்."

கல்லூரிப் பெண்ணின் முகம் வாடியது. வாசல் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அப்போ இது நீங்க நிக்க வெச்சு எடுத்ததா சார்?"

"ஆமாம்மா. நிக்கச் சொன்னேன்," என்றான். "நின்னாரு."