மழையில கரைஞ்ச திருமண்

நாளையோட படத்தைத் தூக்கிடறான். அதனாலதான் ஸரஸா இன்னிக்கே புருஷனை மாட்னி ஷோவுக்கு இழுத்துண்டு வந்துட்டா. நரசிம்மமூர்த்தி ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, சினிமான்னாலே கொட்டாவி விடற மனுஷன். ஆனி மாசம்தான் கல்யாணம், இன்னும் ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசினதுகூட இல்ல. ஸரஸா ஒரு தீர்மானத்தோட வந்திருந்தா. அந்த ஒரு சீனுக்கு மட்டும் இவர் சிரிச்சார்னா போச்சு, மனசுல இருக்கறதை இனிமே இவர்கிட்ட சொல்றதே இல்ல. சாத்தமுதுல உப்பு சரியா, அவ்வளவுதான் பேச்சு!

என்ன சீன்னா, கதாநாயகிக்குப் பெருமாள்மேல அப்படியொரு பைத்தியம். கட்டினவனை ஏறெடுத்தே பார்க்கமாட்டா. ஒரு நாள் கொட்டற மழை. பெருமாள் இன்னிக்கு வந்தே ஆகணும்னு கதவைத் திறந்து வெச்சுண்டு உக்காந்திருக்கா. வாசல்ல ஒருத்தன் சொட்டச் சொட்ட வந்து நிக்கறான். முகம் புருஷன் முகம். அவ விழுந்து சேவிச்சு, கால் அலம்பி விடறா. வந்தது பெருமாளா, புருஷனா? படம் சொல்லவே சொல்லாது! மைசூர்ல எந்தக் கொழாயடிக்குப் போனாலும் இதே சண்டை. ஸரஸா பெருமாள் கட்சி.

பின்வரிசைல எதிராத்து ஜயம்மா.

"ஏன்டீ, திரும்பவுமா? டிக்கெட் கிழிக்கறவன் உன்னை உறவுன்னே நெனச்சுக்கப் போறான்!"

"நீங்க மட்டும் என்னவாம், மாமி?"

"நான் பெருமாளை சேவிக்க வரேன்டீ!"

அணைக்கட்டு நியூஸ்ரீல் ஓடித்து. நரசிம்மமூர்த்தி கொட்டாவி விட்டார். பாட்டு வந்துது. மறுபடி கொட்டாவி.

அப்பறம் திரையில மழை. கதவு. அந்த முகம். கொட்டகை முழுக்க சரசரன்னு செருப்பு கழட்டற சத்தம், பெருமாள் வந்தா அப்படித்தான். யாரோ கற்பூரமே ஏத்திட்டா. ஸரஸா கை கூப்பிண்டே ஓரக்கண்ணால பார்த்தா. அவர் முன்னால சாஞ்சு திரையையே உத்துப் பார்த்துண்டிருந்தார்.

"ஸரஸா, அது பெருமாள் இல்ல."

போச்சு!

"நெத்தியைப் பாரேன். இட்டுண்ட திருமண் மழைல கரைஞ்சு மூக்குல வழியறது. பெருமாள் திருமண் கரையுமா? அவ கிட்டக்கதானே நிக்கறா, அவளுக்குத் தெரியாதா? புருஷன்னு தெரிஞ்சேதான் அலம்பறா."

ஸரஸா பார்த்தா. ஆமாம்! இத்தனை தடவை வந்தும் பெருமாளைத் தேடினாளே ஒழிய அந்த நெத்தியைப் பார்க்கவே இல்லையே. தெரிஞ்சேவா! பெருமாளுக்குன்னு சேர்த்து வெச்ச பிரேமை அத்தனையையும் இந்த நனைஞ்ச மனுஷன் கால்ல கொட்டறாளே, ஒரு சொட்டு மிச்சம் வெக்காம! அம்மாடி! உடம்பு பூரா சிலிர்த்துப்போச்சு அவளுக்கு.

வெளில வந்தா நிஜமாவே மழை. ஜட்கா ஸ்டாண்டுக்கு ஓடினா ரெண்டு பேரும். அப்பத்தான் கவனிச்சா, அவர் வெறுங்கால்.

"ஏன்னா, செருப்பு எங்கே?"

"அடடா, உள்ளேயே விட்டுட்டேன்."

"பெருமாள் இல்லேன்னேளே, அப்பறம் எதுக்குக் கழட்டினேள்?"

"அவனுக்கு யார் கழட்டினா? அவளுக்கு, அந்தக் கால் அலம்பினவளுக்குத்தான் கழட்டினேன்."

அவர் நெத்தில திருமண் கரைஞ்சு மூக்குல எறங்கிண்டிருந்தது. ஏறுங்கோ ஏறுங்கோன்னு ஜட்காக்காரன் கன்னடத்துல கத்தறான், இவ அசையாம அந்த நெத்தியையே பார்த்துண்டு நிக்கறா. அப்பறம் வண்டில ஏறி வாயைத் திறந்தவதான், ஆத்துக்கு வர்ற வரைக்கும் மூடவே இல்ல.