இரண்டாவது நாற்று

ஸ்கேன் அறைக்குள் கூப்பிட்டபோது செந்தில்குமாரின் வாயில் ஒரு வேடிக்கைப் பேச்சு தயாராக இருந்தது. படுத்திருந்த மனைவி கவிப்ரியாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான். டாக்டர் ஆசியா திரையில் ஒரு கருப்பு வட்டத்தைக் காட்டினார். சீட்டில் எட்டு வாரம் என்று இருக்கிறது, எட்டு வாரத்துக்குக் கருவும் துடிப்பும் தெரிய வேண்டும், இங்கே பை மட்டும்தான், அதுவும் சிறியதாக, என்றார். போன வருஷம் கரு கலைந்தபோதும் இப்படித்தான் ஆரம்பித்தது. கவிப்ரியா விட்டத்தைப் பார்த்தபடியே, சுத்தம் பண்ண எப்போது வரவேண்டும் என்று கேட்டாள்.

"யாரும்மா அதச் சொன்னா? இவ்ளோ சின்னப் பைய வச்சு எதையும் முடிவு பண்ண மாட்டேன். பதினாலு நாள் கழிச்சு மறுபடி பாப்போம்."

தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வரை பஸ்ஸில் அவன் வாய் திறக்காமல் வந்தது அதுவே முதல் தடவை. ஊரையே சிரிக்க வைப்பவன் என்று பேர். வீட்டில் ஒரே ஒரு ஆளைச் சிரிக்க வைக்க நாலு நாளாக முடியவில்லை. அவன் வைத்த ரசத்தைக்கூட அவள் சிரிக்காமல் குடித்தாள். அதைவிடத் துக்கம் வேறு வேண்டாம்.

ஐந்தாம் நாள் மேலுரம் போட வயலில் இறங்கியவன், பயிருக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று விரல்விட்டு எண்ணினான். முதலில் விட்ட நாற்று மழையில் அழுகி, இருபது நாள் கழித்து மறுபடி விட்டார்கள். அதிலிருந்துதான் எண்ண வேண்டும். எண்ணிய விரல் அப்படியே நின்றது. கடைசியாக விலக்கான தேதியை நர்ஸ் கேட்டபோது, 'நாத்து விட்ட அன்னைக்கு' என்றாள் கவிப்ரியா. மாதாமாதம் நாள் தவறுவதால் அவள் கணக்கு வைப்பதில்லை. தேதியை அடித்துச் சொன்னவன் இவன்தான், பெரிய மிராசுதார் மாதிரி.

உரக்கூடையை வரப்பில் போட்டுவிட்டுச் சேற்றுக்காலோடு வீட்டுக்கு ஓடினான்.

"நாத்து விட்ட அன்னைக்குன்னியே கவி, எந்த நாத்து?"

"அழுகிப்போனதயா சொல்லுவேன்? ரெண்டாவது விட்டதத்தான்." சொன்ன பிறகுதான் அவள் கை சுவரைத் தேடியது. "நீங்க என்ன தேதி குடுத்தீங்க?"

முதல் நாற்று விட்ட தேதியைச் சொன்னான். அவன் தோளில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. நாலைந்து நாளில் அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல்முறை.

போனில் டாக்டர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அப்படியானால் அன்றைக்கு ஐந்து வாரம்தான், பையின் அளவும் ஒத்துவருகிறது. ஆனாலும் தேதியை வைத்து எதுவும் உறுதி சொல்ல மாட்டேன், பதினாலாம் நாள் வாங்க என்றார். மிச்ச நாட்களில் இருவரும் வீட்டுக்குள் மெதுவாகவே பேசினார்கள், தூங்குகிற யாரோ உள்ளே இருப்பதுபோல.

இரண்டாவது ஸ்கேனில் டாக்டர் கருவியை மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கவிப்ரியா கண்ணை மூடியிருந்தாள்.

"கண்ணத் தொறம்மா," என்று திரையைத் திருப்பினார். "இன்னும் சில வாரம் கவனமா தாண்டணும். ஆனா இதப் பாத்துட்டுப் போ."

கருப்பு வட்டத்துக்குள் நெல்மணி நீளத்தில் ஒரு வெளுப்பு. அதன் நடுவே ஏதோ மினுங்கிக்கொண்டே இருந்தது. செந்தில்குமாரின் விரல் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அந்தத் துடிப்புக்குத் தாளம் தட்டப் பார்த்தது. அது வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. விரல் பின்தங்கி, நின்று, மறுபடி தொடங்கியது.