எந்த வழியில் போனாலும்

சவப்பெட்டி தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. முன்னால் தோள் கொடுத்த றிச்சர்ட்தான் காரணம். பாதை பிரியும் இடத்தில் தினேஸ், "மேல் ரோட்டால போவோம்" என்றபோது, "ரெண்டும் கல்லறைக்குத்தானே போவுது, எதுல போனாலும் ஒன்னுதான்" என்று கீழ்ப் பாதையில் இறக்கியவன் அவன். அந்தப் பாதை போன மழையிலேயே சரிந்து பள்ளத்துக்குள் போயிருந்தது. இதே மடுல்சீமைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியவில்லை.

"இனிமே ஒங்கப்பாவே எறங்கி நடந்தாத்தான் உண்டு, சேர்," என்றான் கூடப் படித்த தினேஸ்.

பெட்டியைப் பாறைமேல் இறக்கி வைத்தார்கள்.

றிச்சர்டின் பிழைப்பே இதுதான். அளவையியலை அட்சரகணிதமாக்கி, அதை வகைக் கோட்பாடு என்ற கணிதத்தால் ஆராய்வது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். சதுரமாக நாலு புள்ளிகள், இடையே அம்புக்குறிகள். இரண்டு வழியாகப் போனாலும் முடிவு ஒன்றே என்று காட்டிவிட்டால் நிரூபணம் முடிந்தது. "அப்பாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு, வாங்கண்ணே" என்று தங்கச்சி லக்ஷிகா போன் பண்ணியபோது, மறுநாள் கருத்தரங்கில் அப்படி ஒரு சதுரம் வரைய வேண்டியிருந்தது. வரைந்தான், கைதட்டு வாங்கினான், பஸ் ஏறினான். வந்து இறங்கியபோது லயத்து வீட்டு வாசலில் சாவுக்கு வெள்ளைக் கொடி கட்டியிருந்தது.

அதிலிருந்து ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டே இருந்தான்: "ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா?"

"வந்திருந்தாலும் ஒன்னுதாங்க தம்பி," என்று எல்லோரும் பிளேன்டீயை நீட்டினார்கள். சதுரம் அழகாகப் பொருந்தியது. அதனாலேயே அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

இப்போது லக்ஷிகா செருப்பைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"லக்ஷி, நான் அன்னைக்கே வந்திருந்தாலும் ஒன்னுதானே?"

அவள் பெட்டியின்மேல் கிடந்த சருகுகளைத் தட்டிவிட்டாள்.

"தூக்குங்கண்ணே, மழ வருது."

"சொல்லு."

"இல்லண்ணே. வேற." அவள் குரல் உயரவில்லை. "வந்திருந்தா பேசியிருப்பீங்க. மறுநா மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு. வாசலப் பாக்குற மாதிரி கட்டிலத் திருப்பிப் போடச் சொன்னாரு. போட்டேன்."

தூறல் விழத் தொடங்கியது. ஒற்றையடிப் பாதையில் பெட்டியைத் திருப்ப இடமில்லை. ஆட்கள்தான் அப்படியே திரும்பி நின்றார்கள்.

"இப்ப நீங்க பின்னால, சேர்," என்றான் தினேஸ், மெதுவாக.

றிச்சர்ட் குனிந்து தோள் கொடுத்தான். முன்னால் போகிறவர்கள் கால் வைத்த இடத்தைப் பார்த்துக் கால் வைத்தான்.