காப்புக் கட்டிய நாள்களில்

மருத்துவர் நிர்மலாதேவி கேட்ட கேள்வி மிக எளிமையானது.

"தக்காளி பழுத்து நிக்குது. மண்டிக்கு அனுப்பணும். மொதல்ல என்ன செய்வீங்க, அப்புறம் என்ன செய்வீங்க? வரிசையாச் சொல்லுங்க பாப்போம்."

நல்லம்பள்ளிப் பக்கத்தில் தக்காளி போட்டே தலை நரைத்த பூபதி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அருகில் நின்ற மனைவி தங்கம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடுவார். ஆண்டுதோறும் செய்கிற வேலை, இதைக்கூடவா சொல்லமாட்டார்?

"வண்டிய வரச்சொல்லணும். கூடைய ஏத்தணும். மண்டிக்குப் போயி..." பூபதி நிறுத்தினார். விரல்கள் வேட்டியின் ஓரத்தைத் திருகின. "அப்புறம் பழம் பறிக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. எங்கோ பிசகியது என்பது அவருக்கே தெரிந்தது. எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. பெரிய மனிதர் பொலபொலவென்று அழத் தொடங்கினார். தங்கம்மாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"எப்ப இருந்து இப்படி? கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சா, திடீர்னு வந்துச்சா?"

பதில் பூபதியின் அண்ணன் பச்சியப்பனிடமிருந்து பாய்ந்து வந்தது. ஊர் மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிப்பவர்களுக்கெல்லாம் மஞ்சள் காப்புக் கட்டும் உரிமை அவருடையது.

"அப்படிக் கேளுங்க டாக்டரம்மா! திடீர்னுதானுங்க. போன ஆடியில தீ மிதிக்கறப்ப ஒரு தடவ. காலு தரையில ஒட்டுனாப்பல நடந்தான். அதுக்கப்புறம் அப்படியே இருந்தானுங்க, மோசமாவல. பங்குனியில கொலசாமிக்குக் காப்புக் கட்டுனப்ப இன்னொரு தடவ. மோட்டாரப் போட்டுட்டு வரப்புல உக்காந்து அழுவறான். நோவுன்னா இப்படிப் படி படியாவா எறங்கும்? எவனோ செய்வினை வெச்சிருக்கானுங்க."

"படி படியா எறங்குதுன்னு சொன்னீங்களே, அதுதாங்க இந்த நோவோட அடையாளமே" என்றார் மருத்துவர்.

செய்வினைக்குப் பச்சியப்பன் எடுத்துவைத்த சான்று, நோய்க்குச் சான்றாகிவிட்டது.

நிர்மலாதேவி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மூளையின் உள்ளே ஆங்காங்கே சின்னச் சின்னப் புள்ளிகள். "ரத்தம் போற நுண்ணிய கொழாய் அடைச்சிருக்கு. அடைச்ச எடத்துல மூளை செத்துருக்கு. அடைக்கறப்பெல்லாம் ஒரு படி எறங்கறார். ரத்தக் கொழாய் அடைச்சு வர்ற மறதி நோவு, வாஸ்குலர் டிமென்ஷியான்னு பேரு. தைராய்டு, பி-பன்னெண்டு வைட்டமின் எல்லாம் ரத்தத்துல பாத்தாச்சு, அதுல கொறையில்ல."

"போனது திரும்புமாங்க?" என்றாள் தங்கம்மாள்.

"செத்த எடம் திரும்பாதும்மா. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் கட்டுக்குள்ள இருக்கணும். பீடி கூடாது. தெனமும் நடக்கவிடுங்க. ஒரே நேரத்துல ஒரே வேலையக் கொடுத்துப் பழக்குங்க. ஒரு வேளை மாத்திரைகூட விடக்கூடாது. எப்பவாச்சும் விட்டாரா?"

"காப்புக் கட்டுனா மாத்திரை கூடாதுங்க" என்றார் பச்சியப்பன், பெருமை குறையாமல். "கேப்சூலோட மேல்தோலு எலும்புல செய்யறதாமே! கவிச்சிங்க. காப்பு அவுக்கற வரைக்கும் இங்கிலீசு மருந்து வாயில படக்கூடாது. கட்டற அன்னிக்கு மாத்திரை போட்டவனுக்குக் காப்பே கெடையாது. எங்கப்பன் காலத்துல இல்ல. நான் கொண்டாந்த சட்டம்."

"இவரு மாத்திரையில கேப்சூலே இல்லீங்களே!" என்றார் மருத்துவர். "நிறுத்துனதாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா நிறுத்துனா கொதிப்பு ஏறும். ஏறுனா எதுவும் நடக்கலாம்."

பேருந்தில் தங்கம்மாள் கணவரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டே வந்தாள். இன்று மாலைதான் ஆடிக் காப்பு. அடுத்த படியில் எது போகும்? கழிப்பறைக்குப் போகும் வழியா? சோற்றை விழுங்கும் பழக்கமா? தன் பெயரா? மூடநம்பிக்கைக்கு ஊரே தலை கொடுக்கலாம். அவர் தலைக்குள் மிஞ்சியிருப்பதை எந்த உரிமையில் கொடுப்பது?

"மாமா, இந்த வருசம் இவரு வேண்டாமுங்க" என்றாள்.

முன்இருக்கையிலிருந்த பச்சியப்பன் திரும்பவே இல்லை. "டவுனு டாக்டருக்குத் தீயப் பத்தி என்னம்மா தெரியும்? நேர்ந்துக்கிட்டவன் விட்டா ஊருக்கு ஆவாது."

மாலையில் மாரியம்மன் கோயில் முன் பம்பை மேளம் முழங்கியது. குளித்து ஈரவேட்டியோடு நின்ற ஆண்கள் வரிசையில் பூபதியும் நின்றார். எதை எதையோ மறந்த மனிதர், கையை நீட்டுவதை மட்டும் மறக்கவில்லை. மஞ்சள் நூலோடு பச்சியப்பன் அருகே வந்தார். தங்கம்மாள் வரிசையை ஊடுருவிக் கணவர் முன் நின்றாள்.

"பொம்பள இங்க என்ன பண்ற? வெலகு!"

அவள் விலகவில்லை. இடுப்பில் முடிந்திருந்த மாத்திரையை எடுத்தாள். "வாயத் தொறங்க."

அந்த வேளைக்கு மாத்திரை தின்று பழகிய உடம்பு. பூபதி வாயைத் திறந்தார். செம்புத் தண்ணீரோடு விழுங்கினார். பம்பை நின்றுவிட்டது.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணுன!"

"மாத்திரை போட்டவனுக்குக் காப்பு இல்லைன்னு நீங்கதானுங்க சட்டம் போட்டீங்க. போட்டாச்சு. இப்ப உங்க சட்டத்துப்படி நீங்களே இவரு கையில நூலக் கட்ட முடியாது, மாமா."

வரிசையின் பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். "ஐயா, சட்டம் சரிதானுங்க!" பூபதியின் கை இன்னும் நீண்டே இருந்தது. "கட்டு, அண்ணா" என்றார் குழந்தைபோல. கட்டாததைக் கண்டு உதடு பிதுங்கிற்று. தங்கம்மாளுக்கு நெஞ்சு கிழிந்தது; ஆயினும் அந்தக் கையை மெல்ல மடக்கி, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஊருக்கு ஏதாச்சும் வந்தா உன்னத்தான் கேப்பாங்க" என்றார் பச்சியப்பன்.

"கேக்கட்டுங்க. நீங்களும் கொதிப்பு மாத்திரை தின்னறவருதானுங்களே, மாமா? என்னிக்கு நிறுத்துனீங்க?"

பச்சியப்பன் திரும்பி அடுத்தவன் கையை எடுத்தார். நூல் முடிச்சில் நிற்கவில்லை. மறுபடி சுற்றினார், மறுபடி நழுவிற்று. கூட்டம் முணுமுணுத்தது. அவர் மஞ்சள் நூலை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, தங்கம்மாள் கணவரோடு ஒதுங்கி நின்ற வேப்பமரத்தடிக்கு வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"காப்புக் கட்டற கையாச்சேன்னு முந்தாநேத்தே நிறுத்திட்டேன். இன்னிக்கு விடிகாலையில எடது கை கொஞ்ச நேரம் மரத்துக் கெடந்துச்சு. அப்புறம் சரியாப்போச்சு. ஆஸ்பத்திரியில சொல்லலாம்னு பாத்தேன், வாய் வரல. அந்த டாக்டரம்மா நாளைக்கு இருப்பாங்களா?"

தங்கம்மாளின் கோபம் அந்தக் கணமே அச்சமாக மாறிற்று.

"நாளைக்கு என்னங்க நாளைக்கு! உங்களுக்கும் கொழாய் அடைக்குதோ என்னவோ, இப்பவே கெளம்புங்க" என்றாள். ஒரு கையில் கணவரையும் மறுகையில் மூத்தவரையும் பற்றிக்கொண்டு, சாலையில் வந்த முதல் வண்டியை நோக்கிக் கத்தினாள்.