காம்பில்லாத ஏழு ரோஜாக்கள்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. வாரப் பத்திரிகையில் இணைப்புப் பக்கங்களைக் கவனிக்கும் துளசி பேசினார்.

“சார், வீட்டு அலங்கார இணைப்பு போடுறோம். ‘உங்கள் வீட்டு ரோஜாவில் ஒரு பூங்கொத்து’ன்னு ரெண்டு பக்கம். எதிர்ப்பக்கம் உங்க கதை. கதையிலயும் பூங்கொத்து வரணும்.”

“வரும்.”

“நல்லபடியா முடியணும் சார். போன தடவை மாதிரி யாரையும் லாரியில மோத விடாதீங்க.”

ஒப்புக்கொண்டு போனை வைத்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. நான் இருப்பது காஞ்சிபுரத்தில். இங்கே பூ சாமிக்குப் போகும், தலைக்குப் போகும், கல்யாண மாலைக்குப் போகும், செத்தவர் படத்துக்குப் போகும். சும்மா பார்ப்பதற்கென்று ஒரு ஜாடியில் தண்ணீர் ஊற்றி, வீட்டுக் கூடத்தில் யாரும் ரோஜாவை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

மறுநாள் டவுன் பஸ்ஸில் செவிலிமேடு வழியாகப் போகும்போது ஒரு வீட்டு வாசலைப் பார்த்தேன். குட்டை முடி வெட்டிய இளம்பெண் ஒருத்தி கண்ணாடி ஜக்கோடு நிற்கிறாள். ஜக்கில் தண்ணீர் மட்டும். எதிரே வயதில் மூத்த பெண்மணி, கையில் தட்டு, தட்டு நிறைய ரோஜா. இருவருக்கும் ஏதோ வாக்குவாதம். பஸ் கிளம்பிவிட்டது.

அவ்வளவுதான் நான் பார்த்தது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: “பனித்துளிகள் சூடிய ரோஜாத் தோட்டத்தில் ஜீவிதா ஒரு——”

வேண்டாம். பஸ்ஸிலிருந்து பார்த்த பெண்ணுக்கு ஜீவிதா என்ற பெயர் இருக்கட்டும், ஆனால் தோட்டமே இல்லை. வாசலில் சிமென்ட் தொட்டிகள்தான் இருந்தன.

இரண்டாவது: “செவிலிமேட்டில் பொழுது புலர்ந்தது. பாலாற்றிலிருந்து——”

பாலாற்றிலிருந்து என்ன வந்தது என்று எழுதப் பார்த்தேன். மணல் லாரிதான் வந்தது. லாரி கூடாது என்று துளசி சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது: “சனிக்கிழமை அப்பா வருகிறார்.”

இது இருக்கட்டும்.

சனிக்கிழமை அப்பா வருகிறார். ஜீவிதா கல்யாணம் செய்துகொண்ட பிறகு முதல் தடவையாக. அப்பா முருகேசன், திருப்புட்குழிப் பக்கம் விவசாயம். அவர் ஊர்த்தெருக்காரர். மகள் கட்டிக்கொண்ட சத்யராஜ் காலனிப் பையன், அதிலும் கிறிஸ்தவன். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. இப்போது போனில் இரண்டே விஷயம் சொன்னார்.

“டவுனுக்கு வரேன். அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போறேன்.” பிறகு, “ஊர்ல பேசிக்கினு இருக்காங்க. உன்னைப் பூகூட வைக்க வுடறது இல்லியாமே.”

பைபாஸ் ரோட்டு ஓட்டலில் ரிசப்ஷன் வேலை ஜீவிதாவுக்கு. முடியை அவளேதான் வெட்டிக்கொண்டாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது. அந்த முடியில் பூ நிற்காது. தடுத்தவர் எவருமில்லை. இதைப் போனில் எப்படிச் சொல்வது?

(சத்யராஜுக்கு ஒரு காட்சி எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டு அவரை ஒரகடம் கம்பெனியில் பகல் ஷிப்டுக்கு அனுப்பிவிட்டேன். இந்த வாசலில் மூன்று பேருக்குத்தான் இடமிருக்கிறது.)

3

முருகேசனை எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். “பெரிய மீசையைத் தடவியபடி உறுமினார்——” தொடர்கதையில் இருபது வருஷமாக இப்படி அப்பாக்களை உறுமவிட்டு வந்திருக்கிறேன். உறுமுகிறவர் போன் செய்து எட்டிப் பார்க்கிறேன் என்று சொல்ல மாட்டார். மீசையை எடுத்தேன். அடுத்து அவரை ரொம்ப நல்லவராக்கினேன். அப்படியானால் இத்தனை நாள் ஏன் வரவில்லை? அதுவும் ஒட்டவில்லை.

இப்போதைக்கு என்னிடம் இருப்பது இவ்வளவே. அவருக்கு மகளைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் ஊரில் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் மொபெட் ஓட்டி வருகிறார்.

ஜீவிதாவின் ஆசை சின்னது. அவர் உள்ளே வரவேண்டும். கூடத்தில் உட்கார வேண்டும். எதிரே மேஜையில் பூ இருக்க வேண்டும். அந்த வீட்டில் பூவுக்குத் தடையில்லை என்று அவளுடைய முடியைத் தொந்தரவு செய்யாமல் அது சொல்லிவிட வேண்டும். ஓட்டலில் தினமும் காலையில் ஜாடி அலங்கரிப்பவள் அவள். வாசல் தொட்டிகளில் இருந்த மொட்டுகளை ஒரு வாரமாகப் பார்த்து வந்தாள்.

(துளசியின் இணைப்புப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு: ரோஜாவை அதிகாலையில், காம்பை ஒரு முழம் விட்டுச் சாய்வாக வெட்டவும். தண்ணீருக்குள் போகும் இலைகளை அகற்றவும். இந்தக் குறிப்பை எழுதியவர் காஞ்சிபுரத்துக்காரர் இல்லை என்று நினைக்கிறேன்.)

4

ஜீவிதா குளித்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய ஜக்கோடு வெளியே வந்தபோது செடிகள் பூவில்லாமல் மொட்டையாக நின்றன. மாமியார் ஏஞ்சல் தட்டில் ஏழு பன்னீர் ரோஜாக்களை வைத்துக்கொண்டு நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டிருந்தாள். ஏழும் கழுத்தோடு கிள்ளிய பூக்கள்.

“அத்தை, எல்லாத்தையும் பறிச்சிட்டீங்களா?”

“பின்ன? வெயில் ஏறினா கொட்டிடும். உக்காருமா, தலையில வைக்கிறேன்.”

“காம்பு எங்க?”

“எந்தக் காம்பு?”

“ஜக்குல வைக்கணும்னு நேத்தே சொன்னேன் இல்ல?”

“பொக்கேன்னு சொன்ன. காம்புன்னு சொல்லல.”

“காம்பு இல்லாம பொக்கே எப்படி அத்தை நிக்கும்?”

“எனக்கு இன்னா தெரியும்? எங்க சபையில குடுக்கற பொக்கே பாதி ஜிகினா பேப்பர்தான். நான் பேப்பரைத்தான் பாத்திருக்கேன்.” ஏஞ்சல் குரலைத் தணித்தாள். “உங்கப்பா இன்னா கேட்டாரு? பூ வைக்க வுடறது இல்லியான்னு கேட்டாரு. அவரு உன் தலையைப் பாப்பாரா, ஜக்கைப் பாப்பாரா?”

“என் தலையில எங்க நிக்கும்?”

“ஹேர்பின் இருக்குது.”

“ஏழு ரோஜாவா? நான் இன்னா தேரா?”

இங்கே நான் குறுக்கிட வேண்டும். ஏஞ்சல் போகும் சபையில் பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை. அவள் வைத்ததே இல்லை. வீட்டிலேயே ரவிக்கை தைக்கும் அவள், மருமகளுக்காகத் தொட்டியில் செடி வைத்தாள். அந்தப் பூக்களை ஊரில் எல்லோரும் கிள்ளுகிற மாதிரியே கிள்ளினாள். தன் வீட்டைப் பற்றிய ஒரு பொய்ப் பேச்சை, தனக்குப் பழக்கமில்லாத பூவைக் கொண்டு பொய்யாக்கப் பார்த்தாள். ஜீவிதாவுக்கு இது தெரியும். அதனால்தான் அவளால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை.

“வேஷம் கட்டிக்கினு அவரு முன்னால நிக்க மாட்டேன் அத்தை. நான் எப்படி இருக்கேனோ அப்படியே பாத்துட்டுப் போகட்டும்.”

ஏஞ்சல் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு துடைப்பத்தோடு வந்தாள்.

5

துடைப்பம் கதைக்குள் வருவதைப் பற்றி யோசித்தேன். வீட்டுக்கு ஒருவர் வரும் நேரத்தில் வாசலில் துடைப்பம் தெரிந்தால் அதைவிட அவமானம் வேறில்லை. ஆனால் ஈர்க்குச்சியில் ரோஜாவைக் குத்தி நிறுத்துவது மாலை கட்டுகிறவர்கள் அன்றாடம் செய்கிற வேலை. ஏஞ்சல் அதைக் கடைத்தெருவில் பார்த்திருப்பாள்.

“துடைப்பக் குச்சியா?”

“புதுசுமா. இன்னும் கட்டுகூடப் பிரிக்கல.”

“எங்கப்பா பாத்தா?”

“பாக்கறதுக்குள்ள முடிச்சிடலாம். நீ நூல் எடு. பச்சை. கிளிப்பச்சை வேணாம், நம்ம செடி இன்னா கிளிப்பச்சையாவா இருக்குது? அதுக்குப் பக்கத்துக் கண்டு.”

ஏழு பூவுக்கும் ஈர்க்குச்சியில் காம்பு வந்தது. பச்சை நூல் சுற்றி, கூடத்து மேஜையில் ஜக்கில் நிறுத்தினார்கள். இருவரும் எட்ட நின்று பார்த்தார்கள்.

“மத்தாப்பு மாதிரி இருக்குது,” என்றாள் ஜீவிதா.

“இலை இல்ல, அதான்.”

“கிளையை வெட்டலாம். கத்தரி குடுங்க.”

“என் கத்தரி துணிக்கு மட்டும்தான். பேப்பர்கூட வெட்ட வுட மாட்டேன், தெரியும் இல்ல?”

வாசலில் மொபெட் சத்தம் கேட்டது.

6

முருகேசன் கேட்டுக்கு வெளியே நின்றார். எஞ்சினை அணைக்கவில்லை.

“வாங்கண்ணா,” என்றாள் ஏஞ்சல்.

அவர் மகளைப் பார்த்துச் சொன்னார். “நேரமில்லன்னு அவங்களாண்ட சொல்லுமா. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான்.”

“அவங்க இங்கதான் நிக்கிறாங்கப்பா. நீயே சொல்லு.”

அவர் மகளுடைய தலையைப் பார்த்தார்.

“முடி எங்க?”

“வெட்டிக்கினேன்.”

“நல்லாத்தான் இருக்குது,” என்றார், நம்பாத குரலில். வேறு எதையாவது பார்க்க வேண்டுமே என்று தொட்டிகளைப் பார்த்தார். எஞ்சின் அணைந்தது.

(அவரே அணைத்தார். நான் ஒன்றும் செய்யவில்லை.)

“யாரு இப்படிக் கிள்ளினது? கழுத்துல கிள்ளினா அப்படியே நின்னுடும். கிளையோட வெட்டியிருந்தா பத்து நாள்ல பக்கத்துல துளிர் வுடும்.” கேட்டைத் திறந்து தொட்டி வரைக்கும் வந்தார். “கத்தி ஏதாவது குடு.”

ஜீவிதா கத்தி தேட உள்ளே ஓடப் பார்த்தாள். அதற்குள் ஏஞ்சல் தன் கத்தரியை நீட்டிவிட்டாள்.

“அத்தை, அது துணிக்——”

“சாணை பிடிச்சிக்கலாம்மா.”

முருகேசன் ஒரு நொடி தயங்கினார். பிறகு அவள் கையிலிருந்து நேராக வாங்கிக்கொண்டார். கிளைகளை வெட்டினார். இலையோடு ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. ஜீவிதா ஜக்கை வெளியே தூக்கிவந்து தொட்டி விளிம்பில் வைத்து அவற்றைப் பூக்களுக்கு நடுவே சொருகினாள்.

“அந்தப் பக்கம் காலியா இருக்குது பாரு,” என்றார் அவர்.

“நீதான் வையேன்.”

வைத்தார். கொத்து ஒரு பக்கம் சாய்ந்தது.

“ஏன் சாயுது?” என்றார்.

“எல்லாத்தையும் ஒரே பக்கம் வச்சா? குறுக்கால வை, ஒண்ணு மேல ஒண்ணு.”

“அண்ணா, முள்ளு,” என்றாள் ஏஞ்சல்.

“பாத்துக்கறேம்மா,” என்றார் அவர், ஏஞ்சலைப் பார்த்தே. பிறகுதான் பூவின் அடியில் எதையோ கவனித்தார். “இதென்ன, துடைப்பக் குச்சியா?”

ஜீவிதா ஒரு இலையை இழுத்துக் குச்சியை மறைத்தாள்.

“புதுசுண்ணா,” என்றாள் ஏஞ்சல்.

முருகேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

7

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதி இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒன்றில் அவர் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். துளசிக்குப் பிடித்திருக்கும். ஆனால் அவர் அழுகிற ஆள் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். இன்னொன்றில் கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மொபெட்டில் ஏறினார். அதை எழுதி முடிக்க எனக்கே கை வரவில்லை.

ஆகவே நடந்தவரைக்கும் சொல்கிறேன். வெயில் ஏறிவிட்டது. பன்னீர் ரோஜா வெயில் தாங்காது. கொத்தை உள்ளே கொண்டுபோக வேண்டும்.

“எனக்கு முட்டி வலி,” என்று சொல்லிவிட்டு ஏஞ்சல் வேகமாக நடந்து உள்ளே போனாள்.

“எனக்கு கை ஈரம்பா, வழுக்கும்,” என்று ஜீவிதாவும் பின்னாலேயே போனாள்.

முருகேசன் ஜக்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்துவிட்டார். காலில் பக்கிள் வைத்த செருப்பு. செருப்போடு ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் இல்லை அவர். பக்கிளை அவிழ்க்க வேண்டுமென்றால் ஜக்கைக் கீழே வைக்க வேண்டும்.

வெளியே படியில் வைக்கலாம், இடமிருக்கிறது. கதவு நிலைக்கு உள்பக்கமும் கை எட்டும் தூரத்தில் ஒரு முக்காலி இருக்கிறது. ஏஞ்சல் இப்போதுதான் நகர்த்திப் போட்டாள். கூடத்தில் இரண்டு பேரும் முதுகைக் காட்டி நின்று, எதையோ தேடுகிற மாதிரி பாசாங்கு செய்கிறார்கள்.

நான் பேனாவை மூடிவிட்டேன். ஜக்கை எங்கே வைப்பார் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் இதழ் ஆடத் தொடங்கிவிட்டது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.