காப்பு அறுக்கும்வரை

எட்டு மரக்கைகளையும் அவன் முதுகோடு சேர்த்துத் துணியால் இறுக்கிக்கொண்டிருந்தாள் சுயம்புக்கனி, வலிக்கா என்று கேட்டாள், இல்ல தாயீ இன்னும் இறுக்கு என்றான் திரவியம், அவள் புருஷன்தான், தசராவுக்குக் காளி வேஷம் கட்ட மாலை போட்டு மணிக்கட்டில் மஞ்சள் காப்பு ஏறிய நாளிலிருந்து அவன் வாயில் அவள் தாயீ, அதுவரைக்கும் ஏட்டி, அதைவிடக் கேவலமாகவும் எத்தனையோ, ஒவ்வொரு புரட்டாசியிலும் இப்படித்தான், சாராயம் கிடையாது, தனிப்பாய், அவள் வடித்துப்போடும் ஒருவேளைச் சோற்றைக் கும்பிட்டுச் சாப்பிடுவான், அந்தக் குனிந்த பிடரியைப் பார்க்கப் பார்க்க இவனா அவன் என்று மயக்கமாக இருக்கும், ஆனியில் அவன் முறுக்கிய அவளுடைய இடது மணிக்கட்டு முடிச்சுப் போடும்போது இன்னும் மடங்க மாட்டேனென்கிறது, முறுக்கிய அவன் கையும் இதோ இந்த மரக்கைகளுக்கு நடுவில்தான் தொங்குகிறது, அதற்கும் அவள்தான் நீலம் பூசினாள், விரல் விரலாக.

போன வருஷமா, அதற்கும் முந்தியா, தசராக் குழுவை நடத்தும் இளங்காமணி அண்ணாச்சியிடம் போய் நின்றாள், எனக்கும் ஒரு காப்புக் கட்டுங்க அண்ணாச்சி, நானும் காளி வேஷம் போடுதேன், அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார், பொம்பளைக்கு அது ஆகாதும்மா, காளியும் பொம்பளதான அண்ணாச்சி, அது சாமி, நீ வீட்டுக்காரி, அந்தச் சாமியவே சூரனக் கொன்ன கையோட சாந்தாபிஷேகம் செஞ்சு கோவத்த அடக்கித்தான உள்ள வைக்கோம், அடங்காத பொம்பள சாமியாவே இருந்தாலும் ஊருக்கு ஆகாது, அன்றைக்கு இரவு தலையில் குடம் குடமாகப் பால் வழிய அம்மன் கண்ணை மூட முடியாமல் நிற்பதைக் கண்டாள், கனவில் கண்டாளா, கோயில் கூட்டத்துக்கு மேலே எக்கிப் பார்த்ததா, மூச்சு முட்டியது மட்டும் நிஜம், யாருக்கு முட்டியது என்றுதான் தெரியவில்லை.

இந்த வருஷமும் மேளம் தெருவுக்குள் வருகிறது, காளி வருகிறாள், பெண்கள் ஒவ்வொருத்தியாக விழுந்து எழுகிறார்கள், அவளும் விழுந்தாள், பாதத்தைப் பிடித்தாள், என்ன கேட்க நினைத்தாளோ அது வரவில்லை, தாயே எம் புருசன் கையக் கட்டிப் போடு, என்னய அடிக்காம இருக்கச் சொல்லு என்று வாய்விட்டுக் கதறிவிட்டாள், மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள், தகர நாக்கு ஆட காளி அவளையே பார்த்தாள், குரல் அவன் குரலாக இல்லை, கட்டிட்டேன் மக்கா, இனி ஒன்னய ஒருத்தன் தொடமாட்டான், போ, கை நிறையக் குங்குமம் அள்ளி அவள் நெற்றியில் அப்பினாள், அப்பினான், அந்தக் கை நெற்றியை விட்டு உடனே எடுபடவில்லை, அதற்கு எந்தக் கோயிலிலும் அவள் சத்தியம் செய்வாள், அதற்குப் பிறகு சில நாள் கதவைத் தாழிடாமல் தூங்கினாள், தூக்கத்தில் சிரித்தாள் போலிருக்கிறது, விழிக்கும்போது கன்னம் வலித்தது.

சூரசம்ஹாரம் முடிந்து, கடலில் குளித்து, காப்பை அறுத்துப் போட்டுவிட்டு மறுநாள் மத்தியானம் வந்தான், வாசலுக்கு வருமுன்னே சாராய வாடை வந்தது, காதோரம் நீலம் இன்னும் போகவில்லை, ஊர் முன்னால எம் மானத்த வாங்கிட்டியேட்டி என்றான், காளி வாக்குக் குடுத்துச்சே என்றாள், குடுத்தவகிட்டப் போய்க் கேளு, நானா குடுத்தேன், முதல் அடி வாயில் விழுந்தது, அடுத்தவை எங்கெங்கே என்று அவள் எண்ணவில்லை, அவள் காத்துக்கொண்டிருந்தாள், இப்போது ஏதாவது நடக்கும், அந்தக் கை அப்படியே நிற்கும் என்று கடைசி அடிவரைக்கும் காத்துக்கொண்டிருந்தாள், பிறகு அவன் கட்டிலில் விழுந்து குறட்டை விட்டான், அவ்வளவுதான் நடந்தது.

பக்கத்து வீட்டு ஜெயக்கொடி காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும், கிழிந்த உதட்டைப் பார்த்தாள், பார்வையைத் தாழ்த்தினாள், காளி கட்டுனவுக கையால கொஞ்சம் துண்ணூறு பூசுனா பிள்ளைக்குச் சரியாயிரும், எந்திரிச்சாச்சா என்று கேட்டாள், சுயம்புக்கனி வாய்க்குள் ஊறிய ரத்தத்தை விழுங்கினாள், இன்னும் இல்லக்கா, தூங்குதாவ, பிள்ள அழுதிராமப் பாத்துக்கிடுங்க, முழிச்சிரப் போறாவ.